விலைச் சீட்டில் எழுதாத கடைசி வரி

தமிழ்நாட்டில் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

நான் மயிலாடுதுறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் தெருவில் யாராவது ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறார்கள் என்றால் முதல்நாள் மாலையே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். வீட்டில் வாங்கிய ஒவ்வொரு சாமானுக்கும் பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பது என் வழக்கம். எதை எப்போது என்ன விலைக்கு வாங்கினோம், பழுதானபோது யார் வந்தார்கள், எத்தனை நாள் கழித்து வந்தார்கள் என்று கேட்டால் எடுத்துக் காட்டிவிடுவேன். அந்த டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வருகிறவர்களில் "எந்தக் கம்பெனி நல்லது, டீச்சர்?" என்று கேட்பவர்கள் குறைவு. கம்பெனியை விளம்பரத்தில் பார்த்தோ அக்கா வீட்டில் பார்த்தோ முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். "எந்தக் கடையில் எடுக்கலாம்?" என்பதுதான் அவர்களுடைய கேள்வி. ஒரே சாமான் நான்கு கடைகளில் கிடைக்கிறது. விலையில் ஆயிரம், இரண்டாயிரம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் கேட்கிறார்கள். நாளைக்கு அது நின்றுபோனால் யாரிடம் போய் நிற்பது என்ற கவலைதான் காரணம். முப்பதாயிரம் ரூபாய் என்பது எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு இரண்டு மாத வருமானம்.

இந்தக் கவலைக்கு உங்கள் கடைகளில் பதில் கிடைப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எங்கள் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்கிறேன். ஓர் ஐப்பசி மாதம். விடாத மழை. கூடத்தில் கயிறு கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டும் பள்ளிச் சீருடை காயவில்லை. இனித் தாங்காது என்று, முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின் ஒன்றைப் பெரிய கடையொன்றில் வாங்கினோம். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் 'நம்மை இல்லை' என்று நகர்ந்துவிடுவீர்கள். மறுநாளே இரண்டு பையன்கள் வண்டியில் கொண்டுவந்து பின்கட்டில் இறக்கினார்கள். அட்டைப் பெட்டியைக் கிழித்தார்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், "பொருத்துவதற்குக் கம்பெனி ஆள் வருவார், அம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆள் வரவில்லை. கடைக்குப் போன் செய்தால் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனிக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று கால் மணி நேரம் போன பிறகு, கடையிலிருந்து விவரம் பதிவாகவில்லை என்றார்கள். ஐந்து நாள் இப்படிப் போயிற்று. ஆறாவது நாள் நான் பள்ளிக்குப் போயிருந்தபோது, எழுபத்தொரு வயதான என் அம்மா, பக்கத்துத் தெருவில் குழாய் வேலை செய்யும் பையனைக் கூப்பிட்டுத் தண்ணீர்க் குழாயை மாட்டச் சொல்லி, துணியைப் போட்டு மெஷினை ஓடவிட்டுவிட்டார்.

துவைக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. பிழியத் தொடங்கியதும் அறுபது கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த மெஷின் அதிர்ந்து அதிர்ந்து சுவரைவிட்டு நகர்ந்து வந்திருக்கிறது. குழாய் பிடுங்கிக்கொண்டது. தரையில் இரண்டு ஓடுகள் விரிசல் விட்டன. ஈரத்தில் கால் வைத்துப் போய் அம்மா சுவிட்சை அணைத்தாரே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

காரணம் என்ன தெரியுமா? உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது. அந்த வகை மெஷினில் துணி சுழலும் உருளை ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. லாரியில் வரும்போது அது ஆடி அடிபடாமலிருக்கப் பின்புறத்தில் நீளமான போல்ட்டுகளைப் போட்டு இறுக்கி அனுப்புகிறார்கள். ஓட்டுவதற்கு முன் அவற்றைக் கழற்றியாக வேண்டும். ஒரு ஸ்பேனர் இருந்தால் பத்து நிமிட வேலை. இறக்கிவைத்த பையன்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. கையேட்டில் இருந்தது, ஆங்கிலத்திலும் இந்தியிலும்.

ஒன்பதாம் நாள் வந்த கம்பெனி ஆள், போல்ட்டைக் கழற்றாமல் ஓட்டியதால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாது என்றார். கடையில் கேட்டால், "நீங்கள் ஏன் ஓட்டினீர்கள்?" என்றார்கள். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை.

இதே டப்பாவில் 1994-ஆம் ஆண்டு பில் ஒன்றும் இருக்கிறது. 165 லிட்டர், ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். கடைத்தெருவில் பாய் ஒருவர் வைத்திருந்த சின்னக் கடையில் அப்பா வாங்கியது. மிதிவண்டி பூட்டிய தட்டுவண்டியில் அதை நிற்கவைத்துக் கயிற்றால் கட்டி, பாய் கூடவே நடந்து வந்தார். படுக்கவைத்துக் கொண்டுவந்தால் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும் என்று அப்பாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. சமையலறையில் வைத்த பிறகு, ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜின் தலையில் வைத்தார். தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குனிந்து, முன்காலைத் திருகித் திருகிச் சமமாக்கினார். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னார். மூன்று மணி நேரம் கழித்து சுவிட்சைப் போடுங்கள் என்று சொல்லி, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். அந்த ஃபிரிட்ஜ் 22 ஆண்டுகள் ஓடியது. இடையில் இருமுறை கேஸ் தீர்ந்தது. இருமுறையும் பாயிடம் சொன்னோம், மறுநாள் மெக்கானிக் வந்தார்.

பழைய காலத்துக்குத் திரும்புங்கள் என்று நான் கேட்கவில்லை. பாய் கடையில் இரண்டே மாடல்தான் இருக்கும். விலையும் கூடுதல். அப்பா அன்றைக்கு வேறெங்கும் விசாரிக்க வழியில்லாமல்தான் அங்கே வாங்கினார். 1965-இல் மயிலாப்பூரில் விவேக்ஸும் 1978-இல் தியாகராய நகரில் வசந்த் அண்ட் கோவும் தொடங்கி, பிறகு வேலூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பல கடைகள் கிளைவிட்டு வளர்ந்த பிறகுதான் பத்து மாடலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி சிற்றூர்க்காரர்களுக்கு வந்தது. தவணையில் கொடுக்க ஆள் இருந்ததால்தான் மாதச் சம்பளக்காரர் வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் நுழைந்தது. இந்த நன்றி எனக்கு உண்டு. பாய் டம்ளரை வைத்துப் பார்த்தாரே, அந்தப் பொறுப்பு மட்டும் இந்த வளர்ச்சியில் எங்கோ கைமாறிப் போய்விட்டது. இன்றைக்கு விற்பவர் ஒருவர், கொண்டுவருபவர் ஒருவர், பொருத்துபவர் ஒருவர், பழுதுபார்ப்பவர் இன்னொருவர். நான்கு பேருக்கும் எங்களைத் தெரியாது. ஒருவருக்கு ஒருவரையும் தெரியாது.

கடைக்குள் எங்களிடம் பேசுகிறவர் யார் என்பதே எங்களுக்குத் தெரிவதில்லை. உங்கள் கடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "அம்மா, இதையே எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டிலும் இதுதான்" என்று சொல்லும் பிள்ளை பல நேரங்களில் உங்கள் ஊழியர் இல்லை. ஒரு குறிப்பிட்ட கம்பெனி சம்பளம் கொடுத்து உங்கள் கடையில் நிறுத்தியிருக்கும் ஆள். அந்தப் பிள்ளைகள்மீது எனக்குக் கோபமில்லை. என்னிடம் படித்தவர்களே இரண்டு பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள், மாதக் கடைசியில் இலக்கை எட்டவில்லையென்றால் என்ன ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர் எந்தக் கம்பெனியின் ஆள் என்று சட்டையில் எழுதியிருந்தால், அவர் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியும் அல்லவா?

விலை விஷயத்துக்கு வருகிறேன். 'வட்டியில்லாத் தவணை' என்று கடைவாசலில் பலகை வைக்கிறீர்கள். பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்று உண்மையில் கிடையாது, வட்டியை வேறு கட்டணத்தில் ஒளித்து வைப்பதுதான் நடக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. இன்றைக்கும் கிரெடிட் கார்டில் 'செலவில்லாத் தவணை' என்று எடுத்தால், வட்டி அளவுக்கு விலையில் கழித்துக்கொடுக்கிறார்கள், வங்கியோ அந்த வட்டியை எங்கள் கணக்கில் போடுகிறது. வட்டிக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை, தவணையில் மொத்தம் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தால் யார் ஏமாறப் போகிறார்கள்? பலர் தவணையைத்தான் எடுப்பார்கள், வேறு வழியில்லை. தெரிந்து எடுப்பார்கள்.

ஏ.சி.யைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் எதிர்வீட்டில் மாடி அறைக்கு வாங்கினார்கள். 'பொருத்துவது இலவசம்' என்று கடையில் சொன்னார்கள். ஆள் வந்து பார்த்தார். பெட்டியோடு வந்த செம்புக் குழாய் மூன்று மீட்டர். அவர்களுக்கு வேண்டியதோ எட்டு மீட்டர். வெளியே வைக்கும் பெட்டிக்கு இரும்புத் தாங்கி தனி, சுவரைத் துளைக்கத் தனி, ஸ்டெபிலைசர் தனி. 6,800 ரூபாய் கூடுதல். சித்திரை வெயிலில், பெட்டியைப் பிரித்த பிறகு யார் வேண்டாம் என்று சொல்வார்கள்? "வீடு எத்தனை மாடி, அறை எந்தப் பக்கம்?" என்று கடையிலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

வாரண்டியும் அப்படித்தான். 'பத்து ஆண்டு வாரண்டி' என்று ஃபிரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். அது கம்ப்ரசருக்கு மட்டும். முழு ஃபிரிட்ஜுக்கும் பெரும்பாலும் ஓராண்டுதான். நான்காம் ஆண்டில் கம்ப்ரசர் போனால் கம்ப்ரசர் இலவசம்; கேஸ் நிரப்ப, ஆள்கூலி, வந்துபோகும் செலவு எங்கள் தலையில் என்று பல கம்பெனிகளின் அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கினால் எந்த வாரண்டியும் கிடையாது என்பது 2015-இல் சென்னையிலும் 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் தெருவோரம் குவிந்த ஃபிரிட்ஜ்களைக் கண்டவர்களுக்குத் தெரியும். பில் போடும் மேசையில் கடைசி நிமிடத்தில் நீட்டப்படும் 'கூடுதல் வாரண்டி' பல நேரங்களில் தயாரித்த கம்பெனி கொடுப்பதே இல்லை, மூன்றாவது ஒரு நிறுவனம் விற்பது. எது கிடைக்கும், எது கிடைக்காது என்று அந்த மேசையில் சொல்லிக் கேட்டவர் ஒருவரையாவது நான் இன்னும் பார்க்கவில்லை.

மின்சிக்கன நட்சத்திரக் குறியீட்டையும் சொல்லிவிடுகிறேன், ஆடி வரப்போகிறது. அந்தச் சீட்டில் நட்சத்திரத்தோடு, ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும் என்பதும், எந்தக் காலத்துக்கு அந்த மதிப்பீடு செல்லும் என்பதும் அச்சிட்டிருக்கும். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய கணக்கில் ஐந்து நட்சத்திரமாக இருந்தது புதிய கணக்கில் நான்காக இறங்கலாம். ஆடித் தள்ளுபடியில் பழைய சரக்கை விற்பது தவறில்லை. "இது பழைய கணக்கு, அதனால்தான் இந்த விலை" என்று ஒரு வார்த்தை சொல்லி விற்கலாமே! மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற எங்கள் வீடுகளில், இன்ன யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று எண்ணி எண்ணித்தான் ஏ.சி.யைப் போடுகிறோம்.

இணையத்தில் வாங்குபவர்களைப் பற்றி உங்களுக்குக் கோபம் இருப்பது எனக்குத் தெரியும். உங்கள் கடையில் வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, போனில் வாங்கிக்கொள்கிறார்கள் என்று எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவர் என்னிடமே வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானது. இணையத்தில் நாலாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று வந்தவர்களை நானே பலமுறை உங்கள் பக்கம் திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஊரில் கடை இருந்தால் போய்க் கேட்கலாம் என்று சொல்லி. ஆனால் ஒன்றை யோசியுங்கள். இணையத்தில் விற்பவர்கள் வாரண்டி, திருப்பி எடுக்கும் விதி, எந்த நாட்டில் செய்தது, குறை சொல்ல வேண்டிய அதிகாரி யார் என்பதையெல்லாம் வாங்குபவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நாங்கள் கண்ணால் பார்த்துக் கைநீட்டிப் பணம் கொடுக்கும் உங்கள் கடையில் புகார் சொல்ல வேண்டியவரின் பெயர் எந்தச் சுவரில் எழுதியிருக்கிறது?

எங்கள் ஊரில் இன்னமும் சில கடைகளின் பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சிட்டிருக்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நாங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். இவற்றை மிரட்டுவதற்காக எழுதவில்லை. வாஷிங் மெஷினுக்காக நான் எந்த ஆணையத்துக்கும் போகவில்லை. இரண்டு ஓடுகளை மாற்றிக்கொண்டு, பழுதுபார்த்த பணத்தையும் கட்டிவிட்டு இருந்துவிட்டேன். எங்களில் பெரும்பாலோர் அப்படித்தான். அடுத்த முறை அந்தக் கடைக்குப் போக மாட்டோம், தெருவில் பத்துப் பேரையும் போகவிட மாட்டோம்.

நான் கேட்பது ஒரு சீட்டு. ஒவ்வொரு பெரிய சாமானின் மேலும் விலைச் சீட்டு தொங்குகிறது அல்லவா? அதன் கீழே, தமிழில், இவ்வளவு எழுதுங்கள்: பொருத்துவது யார், எத்தனை நாளுக்குள், எவ்வளவு செலவில். இந்தச் சாமானுக்கு மிக அருகிலுள்ள சர்வீஸ் நிலையம் எந்த ஊரில் இருக்கிறது. எத்தனை ஆண்டு, எந்தப் பாகத்துக்கு வாரண்டி. தவணையில் எடுத்தால் மொத்தம் எவ்வளவு. ஆள் வராவிட்டால் உங்கள் கடையில் யாரைக் கேட்பது, அவருடைய பெயர், அவருடைய போன் எண். கடைசி வரிதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். கம்பெனியோடு நீங்கள் பேசுங்கள். ஆண்டுக்கு நூறு ஃபிரிட்ஜ் எடுக்கும் உங்கள் குரல் அவர்களுக்குக் கேட்கும். ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிய எங்கள் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்பதோடு நின்றுவிடுகிறது.

இது முடியாத காரியம் இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் விவரங்களை அங்கே கொடுக்கின்றன. எடுத்து எழுதவேண்டியதுதான் பாக்கி. நேரமில்லை என்றும் சொல்லாதீர்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஏ.சி.க்கும் பெரிய டி.வி.க்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது, எங்கள் ஊர்க் கடைவாசல்களில் அந்த வாரமே புதிய பலகைகள் ஏறியதை நான் பார்த்தேன்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் அண்ணன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். எல்லோரையும் போல நாங்களும் ஆடியிலேயே சீர் சாமான் வாங்க வருவோம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், டி.வி. என்று அண்ணன் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். பில் அவர் பெயரில், மயிலாடுதுறை முகவரியில் இருக்கும். சாமான்கள் போவது மாப்பிள்ளை ஊரான கம்பத்துக்கு. இங்கிருந்து ஏறத்தாழ ஒருநாள் பயணம். எங்கள் மாவட்டங்களில் சீர் சாமான் வாங்குகிற பாதிக் குடும்பங்களின் கதை இதுதான்: வாங்குவது ஓர் ஊர், ஓடுவது வேறோர் ஊர். புதுப்பெண் போன இடத்தில் ஃபிரிட்ஜ் நின்றுபோனால், "உங்கள் அப்பா எங்கே வாங்கினார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும் நிலை அவளுக்கு வரக் கூடாது.

ஆகவே ஆடி முதல் வாரத்தில் அண்ணனும் அண்ணியும் நானும் வருவோம். காலையிலேயே வருவோம், கூட்டம் சேர்வதற்கு முன். விலையை விசாரித்த பிறகு, "கம்பத்தில் இதைப் பார்க்க யார் வருவார்? எத்தனை நாளில் வருவார்? எழுதிக் கொடுப்பீர்களா?" என்று கேட்போம். கடை முத்திரையோடு எழுதிக் கொடுக்கிற இடத்தில், இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும், பட்டியல் முழுவதையும் அங்கேயே வாங்கிக்கொள்வது என்று அண்ணனிடம் பேசி முடித்துவிட்டேன். அந்தத் தாளை வைப்பதற்கு டப்பாவில் இடமும் ஒதுக்கியாயிற்று.

அன்புடன்,
மயிலாடுதுறையிலிருந்து ஓர் ஆசிரியை